அஸ்க்யா ஏரியிலிருந்து திரும்பிய பஸ்

இந்தப் பயணம் எனக்காகத் திட்டமிடப்பட்டதல்ல. ஒஸ்லோவின் ஓரத்தில், பியோர்ண்டாலில் எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கும் கோமதியும் அவளுடைய கணவரும் ஐஸ்லாந்துக்குப் போவதாக இருந்தது. புறப்படப் பத்து நாள் இருக்கும்போது கணவரை அலுவலகம் சென்னைக்கு அனுப்பிவிட்டது. ஒரு மாலை கோமதி படியேறி வந்தாள்.

"அக்கா, நீங்க வர்றீங்களா? தனியாப் போக மனசே இல்ல."

ஜூலையில் எனக்கு நாலு கிழமை விடுமுறை. பிள்ளைகள் இரண்டு பேரும் தங்கள் சிநேகிதரோடு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். "ஓம், வாறன்" என்றேன். நான் யோசித்துச் சொன்னதாக அவள் நினைத்திருக்கக்கூடும். யோசிக்கவில்லை.

கோமதி சேலத்துக்காரி. ஒஸ்லோவில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. நான் சாவகச்சேரி. நோர்வேக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அதில் இருபத்தொரு வருடம் ஒஸ்லோவில் பஸ் சாரதி. முதன்முதல் மாடிப்படியில் சந்தித்தபோது என்ன வேலை என்று அவள் கேட்டாள். "நான் பஸ் ஓடுறனான்" என்றேன். ஓட்டுவதை நாங்கள் ஓடுவது என்போம்; பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன் என்று அவள் விளங்கிக்கொண்டாள். "நானும்தான்க்கா, தினமும் ஓடுறேன்" என்று அனுதாபத்தோடு சொன்னாள். இரண்டு கிழமை கழித்து எழுபது பேர் ஏறிய பஸ்ஸின் சாரதி இருக்கையில் என்னைக் கண்டபோதுதான் அவளுக்கு விஷயம் வெளித்தது. நான் அவளை 'நீர்' என்று கூப்பிடுவதும் அவளுக்கு வேடிக்கை. அவர்கள் ஊரில் அப்படி ராஜா கதைகளில்தான் பேசுவார்களாம்.

முதல் நாள் மாலையே நாங்கள் ஐஸ்லாந்தின் வடக்கில், மீவாட்ன் என்ற ஏரிக்கரை ஊரில் இருந்தோம். அந்தப் பெயருக்குச் சின்னப் பூச்சிகளின் ஏரி என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். வாயைத் திறந்தால் நாலு உள்ளே போகும். கடைக்காரப் பெண் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தலையில் போடுகிற இரண்டு வலைகளை எடுத்து வைத்தாள்.

அங்கே நிலம் சுடும். சில இடங்களில் ஒரு கைமுழம் தோண்டினால் ஆவி வரும். அந்தக் குழிக்குள் மாவைத் தகரப்பேணியில் அடைத்துப் புதைத்து, ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுப் பாணாக வெளியே எடுக்கிறார்கள். கறுப்பு நிறம், களி மாதிரி மெது, இலேசான இனிப்பு. மேலே வெண்ணெயும் புகைபோட்ட ஆற்றுமீனும் வைத்துத் தந்தார்கள். கோமதி மரக்கறி மட்டும் சாப்பிடுபவள். வெண்ணெயோடு மட்டும் ஐந்து துண்டு சாப்பிட்டாள். "இது கேக்கா, பிரெட்டா?" என்று கேட்டாள். நான் மீனைப் பொதிந்து ஏழாவது துண்டில் இருந்தேன்.

அடுத்த நாள் அஸ்க்யா. நாட்டின் நடுவிலே, மனிதர் குடியில்லாத மேட்டு நிலத்தில் ஓர் எரிமலை. அதன் வாய்க்குள் ஓர் ஏரி. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் மட்டும் பாதை திறந்திருக்கும். போக வர முழு நாளும் வேண்டும்.

காலையில் வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. லொறியின் அடிப்பாகத்தில் பஸ்ஸின் மேற்பாகத்தைத் தூக்கி வைத்தது போல. டயர் என் நெஞ்சளவு. ஏறுவதற்கு ஏணி மாதிரிப் படி. உள்ளே பதினாறு இருக்கை, நாங்கள் பன்னிரண்டு பேர். சாரதி ஹல்டோர், அறுபதை எட்டுகிற, அகன்ற தோள் மனிதர். இளவயதில் நோர்வேயின் மீன்பிடிக் கப்பல்களில் வேலை செய்தவராம். நான் ஒஸ்லோ என்றதும் நோர்வேஜிய மொழிக்கு மாறிவிட்டார். வடக்குக் கரையின் பேச்சு. பாதி விளங்கியது.

"ஒஸ்லோவில் என்ன செய்கிறாய்?"

"பஸ் ஓட்டுகிறேன்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அங்கே பஸ் தானாகவே ஓடும் என்று கேள்விப்பட்டேன்."

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றேன். அவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் என்னை உட்காரச் சொன்னார்.

தார் வீதி முடிந்ததும் அவர் டயர்களின் காற்றைக் குறைத்தார். அதற்குப் பிறகு பாதை என்று ஒன்று இல்லை. உறைந்த எரிமலைக் குழம்பின் மேல் மஞ்சள் குச்சிகள் நட்டிருந்தார்கள், அவ்வளவுதான். சைக்கிள் வேகத்தில் போனோம். கோமதியின் தண்ணீர்ப் போத்தல் மூன்று முறை கூரையில் முட்டியது. பின்னால் ஒரு பிரெஞ்சுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் ஆங்கிலத்தில் சொன்னது கேட்டது: "இதற்கு நான் குதிரையிலேயே வந்திருப்பேன்."

இரண்டு ஆறுகள் குறுக்கே வந்தன. பாலம் கிடையாது. ஹல்டோர் ஒவ்வொரு ஆற்றிலும் நிறுத்தி, தண்ணீரின் நிறத்தையும் சுழிப்பையும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மெல்ல இறக்கினார். கோமதி கண்ணை மூடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் ஹல்டோரின் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தண்ணீருக்குள் அவர் கிளச்சைத் தொடவே இல்லை. ஒரே கியர், ஒரே வேகம். தொழில் தெரிந்தவரின் வேலையைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். இடையிடையே அவர் இடது தோளைத் தேய்த்துக்கொண்டதையும் கண்டேன். மணிக்கணக்காக ஸ்டியரிங் பிடிக்கிற எல்லோருக்கும் அந்தத் தோள்வலி உண்டு. எனக்கும் உண்டு. அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மதியம் எரிமலை வாயின் விளிம்பில் இறக்கிவிட்டார். அங்கிருந்து நடை. ஹல்டோர் பஸ்ஸோடு நின்றுகொண்டார். "இரண்டரைக்குள் வந்துவிடுங்கள். ஏரி எங்கும் ஓடிப்போகாது. ஆனால் அது அங்கே வந்து நூற்றைம்பது வருடம்கூட ஆகவில்லை, அதனால் முழுதாக நம்பவும் வேண்டாம்" என்றார்.

உண்மைதான். எரிமலை வெடித்து, நிலம் உள்ளே அமிழ்ந்து, அந்தப் பள்ளம் மெல்லமெல்ல நிரம்பி உண்டான ஏரி அது. ஒஸ்லோவில் நான் தினமும் கடக்கிற சில கட்டிடங்களுக்கு அதைவிட வயது கூட.

நடந்த நிலம் மணலும் இல்லை, மண்ணும் இல்லை. தவிட்டு நிறப் பொரிக்கற்கள். காலடியில் பொரி அரிசி மாதிரி நொறுங்கின. கோமதி தன் தலையளவு கல் ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு நின்றாள். "போட்டோ எடுங்கக்கா. கல்லு லேசுன்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாது." எடுத்தேன். கல்லை அதே இடத்தில் வைக்கச் சொன்னேன்.

முதலில் சிறிய குழி வந்தது. அடியில் பால் கலந்த பச்சைத் தண்ணீர். அவித்த முட்டை மணம். அதைத் தாண்டி இரண்டு அடி வைத்ததும் பெரிய ஏரி.



நோர்வேயில் நான் எத்தனையோ ஏரி பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காடு இருக்கும், உட்கார ஒரு பலகை இருக்கும், தேர்மோஸ் போத்தலோடு யாராவது இருப்பார்கள். இங்கே ஒன்றுமில்லை. மரம் இல்லை, புல் இல்லை, பறவை இல்லை, படகு இல்லை. கடும் நீலத் தண்ணீர், சுற்றிவரக் கரிய மலைச்சுவர், அதில் கோடுகோடாக ஜூலை மாதத்துப் பனி. எதிர்க்கரை எவ்வளவு தூரம் என்று அளக்கக் கண்ணுக்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை. வீடு ஒன்று, ஆடு ஒன்று நின்றிருந்தால் சொல்லியிருக்கலாம். காற்று நின்றபோது எனக்கு என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பயமாக இருக்கவில்லை. தனிமையாகவும் இருக்கவில்லை. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்காத ஒரு இடம் என்று தோன்றியது. பஸ் சாரதிக்கு அது பெரிய விஷயம். அங்கே அரை மணித்தியாலம் நின்றேன்.

பிறகு பசித்தது. கோமதி புளியோதரைப் பெட்டியைத் திறந்தாள். என்னிடம் பாணுக்குள் வைத்த முட்டைப் பொரியலும், செத்தல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியராம், மணத்தைப் பிடித்து வந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சம்பலில் அவருக்குக் கண் கலங்கியது. இன்னும் கொஞ்சம் என்றார்.

இரண்டரைக்குப் பஸ்ஸடிக்குத் திரும்பியபோது ஹல்டோர் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். ஆறு பாகைக் குளிரில் நெற்றி முழுக்க வியர்வை.

"காலையில் தின்ற காய்ந்த மீன்" என்றார். "இப்போது சரியாகிவிடும்."

"எங்கே வலி?"

நெஞ்சைக் காட்டவில்லை. தாடையைக் காட்டினார். பிறகு இடது கையை.

எங்கள் வேலையில் ஐந்து வருடத்துக்கொரு முறை முதலுதவிப் பாடம் படிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் வேண்டாவெறுப்பாகப் போய்ப் பின் வரிசையில் உட்காருகிறவள் நான். ஆனாலும் அந்த முகத்தைக் கண்டதும் என்னவென்று தெரிந்துவிட்டது. "இது மீன் இல்லை, ஹல்டோர்" என்றேன். அவருக்கும் தெரிந்திருந்தது.

தொலைபேசிகளில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பஸ்ஸின் வானொலித் தொடர்புக் கருவி இரைந்தது, குரல் வரவில்லை. எட்டுக் கிலோமீற்றர் கீழே மலைக்காவலர் குடில் ஒன்று இருந்தது. காலையில் அங்கேதான் தேநீர் குடித்தோம். நடந்தால் இரண்டு மணித்தியாலம். ஹல்டோர் எழுந்து சாரதி இருக்கைக்கு ஏறப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"நான் ஓடுறன்" என்றேன் தமிழில். எல்லோரும் பார்த்தார்கள். கோமதி ஆங்கிலத்தில் சொன்னாள்: "இவர் ஒஸ்லோவில் பஸ் டிரைவர். இருபத்தொரு வருஷமாக."

பிரெஞ்சுக்காரர் கேட்டார்: "இந்தப் பாதையில் ஓட்டியிருக்கிறாரா?"

"இல்லை" என்றேன். "நீங்கள் ஓட்டியிருக்கிறீர்களா?"

எனக்கு ஓடத் தெரியும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. பயம் இருந்தது. அது வேறு. ஜெர்மன் ஆசிரியரும் பிரெஞ்சுக்காரரும் ஹல்டோரைத் தூக்கிக் கடைசி நீள இருக்கையில் சாய்த்து வைத்தார்கள். கோமதி பக்கத்தில் தரையில் முழங்காலிட்டாள்.

ஒஸ்லோவில் இப்போது எல்லாம் மின்சார பஸ். பத்து வருடமாக நான் கிளச் மிதிக்கவில்லை. முதல் முறை எஞ்சின் செத்தது. இரண்டாவது முறையும் செத்தது. பின்னாலிருந்து ஹல்டோரின் குரல் வந்தது: "இந்த பஸ், அவள் பாரமானவள். கிளச்சை இன்னும் மெதுவாக விடு." மூன்றாவது முறை பஸ் நகர்ந்தது. முதல் வளைவில் இரண்டு மஞ்சள் குச்சிகளைச் சாய்த்தேன். இரண்டாவது வளைவிலிருந்து பஸ்ஸின் அகலம் என் உடம்புக்குள் வந்துவிட்டது.

குடிலில் பிர்னா என்ற காவலர் பெண் மட்டும் இருந்தாள். முப்பது வயது இருக்கும். கூட வேலை செய்பவர், கால் பிசகிய யாரோ மலையேறியைத் தேடி ஜீப்போடு போய்விட்டார். பிர்னா பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கி, வானொலியில் மருத்துவரைப் பிடித்தாள். ஹெலிகொப்டர் கடலில் ஒரு படகின் ஆபத்துக்குப் போயிருந்தது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மீவாட்னிலிருந்து மீட்புக்குழுவின் வாகனம் ஒன்று மருத்துவரோடு புறப்படலாம்.

"இங்கே வந்துசேர மூன்று மணித்தியாலம்" என்றாள் பிர்னா. "நாமும் எதிரே போனால் பாதி நேரம். ஆனால் ஆறு இருக்கிறது. மதியத்துக்குப் பிறகு தண்ணீர் கூடும். நான் பஸ் ஓட்டியதில்லை."

நான் சட்டைப்பையிலிருந்து சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "சரி. ஆறுகளை நான் காட்டுகிறேன்" என்றாள்.

மருத்துவர் ஆஸ்பிரின் இருந்தால் மென்று விழுங்கக் கொடுக்கச் சொன்னார். பிர்னா பெட்டியைத் தேடுவதற்குள் கோமதி தன் கைப்பையைத் தரையில் கொட்டினாள். நாங்கள் குளிசை என்பதை அவர்கள் மாத்திரை என்பார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் அவளிடம் ஒரு சிறு மருந்துக்கடையே இருந்தது. ஆஸ்பிரினும் இருந்தது. மற்றப் பயணிகளைக் குடிலில் விட்டோம். ஜெர்மன் ஆசிரியர் எல்லோருக்கும் சூப் வைக்கிற பொறுப்பை எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் நாங்கள் நாலு பேர் மட்டும்.

அடுத்த ஒன்றரை மணித்தியாலத்தில் நான் மலையைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. அடுத்த பத்து மீற்றரை மட்டும் பார்த்தேன். வேகமாகப் போனால் அவருக்கு உலுக்கும், மெதுவாகப் போனால் நேரம் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் தேடினேன். பின்னால் கோமதிக்கு ஆங்கிலம் தீர்ந்துவிட்டது. தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். "கண்ணத் தொறந்து வைங்க சார். இந்தா வந்துட்டோம். உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க, சொல்லுங்க." ஹல்டோர் ஐஸ்லாந்து மொழியில் ஏதோ சொன்னார். அவள் "அப்படியா" என்றாள். அந்த உரையாடல் நிற்கவே இல்லை.

முதல் ஆறு காலையில் பார்த்தது போலவே இருந்தது. கடந்தேன். இரண்டாவது ஆறு அப்படி இல்லை. காலையில் தெளிவாக ஓடியது இப்போது கலங்கி, இரண்டு மடங்கு அகலத்தில் வந்தது. பிர்னா இறங்கி, நீண்ட தடியோடு தண்ணீருக்குள் போனாள். காலையில் ஹல்டோர் இறக்கிய இடத்தில் இடுப்பளவு வந்ததும் திரும்பினாள். இருபது மீற்றர் மேலே போய் மறுபடியும் இறங்கினாள். அங்கே தொடையளவு. உதடு நீலம் பாய்ந்து ஏறி வந்தாள்.

"மேல்பக்கத்தால் போ. அந்தக் கறுப்புக் கல்லைக் குறிவை. அடியில் சரளை இருக்கிறது, பிடிக்கும்."

"அக்கா," என்று கோமதி பின்னாலிருந்து கூப்பிட்டாள். "இவர் பதில் சொல்ல மாட்டேங்கிறார்."

"மூச்சு இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப இறுக்கிப் பிடியும். போறன்."

முதல் கியர். இடது காலைக் கிளச்சை விட்டுத் தள்ளி வைத்தேன். தண்ணீர் படியைத் தாண்டி உள்ளே வந்து என் சப்பாத்தை நனைத்தது. நடு ஆற்றில் பின்பக்கம் ஒரு அடி பக்கவாட்டாக இழுபட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பவேண்டும் என்று கை கேட்டது. திருப்பவில்லை. டயர் சரளையைக் கடித்தது. மூக்கு மேலெழும்பியது. கறுப்புக் கல் எனக்கு வலப்பக்கமாகக் கடந்து போனபோதுதான் நான் மூச்சு விட்டேன்.

அதற்குப் பத்து நிமிடத்தில் எதிரே வெளிச்சம் தெரிந்தது. மீட்புக்குழுவினர் அவரை மாற்றி ஏற்றும்போது மருத்துவர், ஒரு இளம் பெண், அவருடைய கழுத்தில் விரல் வைத்து துடிப்பு இருக்கிறது என்று எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்தக் கதவு மூடி, வண்டி தூசிக்குள் மறைந்த பிறகுதான் நான் எஞ்சினை நிறுத்தி இறங்கினேன். கோமதி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பிர்னா போர்வைக்குள் சுருண்டு, ஈரக் காற்சட்டையோடு, "யாரிடமாவது பிஸ்கட் இருக்கிறதா?" என்றாள். கோமதியிடம் முறுக்கு இருந்தது. மூன்று பேரும் பஸ் படியில் உட்கார்ந்து ஒரு பொட்டலத்தை முடித்தோம்.

மீதிப் பாதையையும் நானே ஓட்டி மீவாட்னுக்கு வந்தோம். மற்றப் பயணிகளை அன்று மாலையே இன்னொரு சாரதி போய் அழைத்து வந்தார். மறுநாள் முழுக்க நானும் கோமதியும் வெந்நீர்க் குளத்தில் கிடந்தோம். அவள் இருபது தரமாவது தொலைபேசியைப் பார்த்தாள். மாலையில் செய்தி வந்தது. இரத்தக்குழாயில் அடைப்பு, எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் அகுரேரி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஹல்டோர் தலையணைகளில் சாய்ந்து ஸ்கீர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது அவர்களுடைய கெட்டித் தயிர். மனைவி ஜன்னலோரம் நின்றிருந்தார், உயரமான, மெலிந்த பெண்மணி. கோமதியின் இரண்டு கைகளையும் பிடித்து ஏதோ சொன்னார். கோமதி "பரவாயில்லைங்கம்மா" என்றாள். இருவரும் அழுதார்கள்.

ஹல்டோர் அழவில்லை. என்னைக் கதிரையை இழுத்துப் போடச் சொன்னார். "நான் பாதி வழியில் தூங்கிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்" என்றார்.

சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கூடவே வந்தார். எந்த வளைவு, எந்தக் குச்சி, எந்தக் கியர் என்று கேட்டார். சாய்ந்த குச்சிகளைச் சொன்னபோது முகம் சுளித்தார். இரண்டாவது ஆறு வந்தபோது கண்ணைத் திறந்தார்.

"மேல்பக்கத்தாலா?"

"ஓம். கறுப்புக் கல்லைப் பார்த்து."

"இருபத்தாறு வருடமாக நான் கீழ்ப்பக்கத்தால் போகிறேன்." ஸ்கீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "உள்ளே தண்ணீர் வந்ததா?"

"படிக்கு மேலே இரண்டு விரல்."

மேசையிலிருந்த துண்டுத்தாளையும் பேனாவையும் கேட்டார். மனைவி எடுத்துக் கொடுத்தார். ஆற்றை வரையச் சொன்னார். வரைந்தேன். கல்லைப் போட்டேன். பஸ் போன கோட்டைப் போட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நாலாக மடித்து, பைஜாமாப் பைக்குள் வைத்தார்.

"வரும் கோடையில் போய்ப் பார்க்கிறேன்" என்றார்.

அவருடைய மனைவிக்கு நோர்வேஜிய மொழி தெரியாது. ஆனால் கோடை என்ற சொல் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இல்லை என்ற சொல்லும் அப்படித்தான். ஜன்னலைப் பார்த்தபடியே, எங்கள் பக்கம் திரும்பாமல், அவர் அந்த 'இல்லை'யைச் சொன்னார்.